புதுப்பிப்பு: மரச்சட்டத்தில் அலுமினியத் தகடு, எந்த ஸ்க்ரூ போட்டேன்

மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடிக்க 304, 316, 410 என்ற மூன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்களில் எந்த ஸ்க்ரூ சரி என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது, 316 போட்டேன்.

410 தானே துளைத்துக்கொண்டு போகும் என்பதால் பலர் அதையே சொன்னார்கள். ஆனால் அது கடினமாக்கப்பட்ட ரகம், துருவைத் தாங்குவதில் மூன்றிலும் பின்தங்கியது. உப்புக்காற்று படும் இடம் என்பதால் உப்பு அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316தான் எனக்கு நியாயமாகப் பட்டது. உப்பு இல்லாத இடத்துக்கு 304 தாராளமாகப் போதும்.

316 மென்மையானது. முன்துளை போடாமல் கெட்டி மரத்தில் வேகமாக முறுக்கினால் தலை அறுந்துவிடும். மரத்தில் ஸ்க்ரூத் தண்டை விடச் சிறிய துளை போட்டு, மெதுவாக இறக்கினேன். தகட்டில் மட்டும் துளையைக் கொஞ்சம் பெரிதாக விட்டேன். மூன்று மீட்டர் அலுமினியத் தகடு 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், அந்த நகர்வுக்கு இடம் வேண்டும். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள், பிதுங்கினால் அதிகம்.

அப்புறம், துத்தநாகம் பூசிய தகட்டுக்கும் இதே ஸ்க்ரூவா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஈரம் பட்டால் ஸ்க்ரூவைச் சுற்றித் தகட்டில் உள்ள துத்தநாகப் பூச்சுதான் முதலில் அரிக்கும். அதற்குப் பூச்சுள்ள எஃகு ஸ்க்ரூவே பொருத்தம். அழுகாமல் இருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரமாக இருந்தால், மெல்லிய துத்தநாக முலாம் பூசிய சாதாரண ஸ்க்ரூவைத் தவிர்த்துவிடுங்கள்.