மறு: உலோக ‘சிலிப்பர் கட்டை’க்குத் தமிழில் என்ன எழுதுவது? (அவசரம்)

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

அன்பர்களுக்கு வணக்கம்.

பட்டயப் படிப்பு மாணவர்களுக்கான இருப்புப்பாதைப் பொறியியல் நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் உலோக சிலிப்பரை எப்படி வடிவமைப்பது என்று ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. பக்கத்துக்கு ஏழெட்டு முறை அந்தச் சொல் வருகிறது. மரத்தைப் பற்றிய முந்தைய அத்தியாயத்தில் ‘குறுக்குக்கட்டை’ என்றே எழுதிவிட்டேன், உறுத்தவில்லை. இங்கே ‘உலோகக் குறுக்குக்கட்டை’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. கட்டை என்றால் மரம்தானே?

பொருளைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான எஃகுத் தகட்டை அழுத்தி, கவிழ்த்து வைத்த தொட்டி போல வளைத்திருப்பார்கள். இரண்டு முனைகளும் கீழ்நோக்கி மடங்கி, மண்வெட்டி இறங்கியதுபோல ஜல்லிக்குள் இறங்கியிருக்கும். பாதை பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது அந்த மடிப்புதான். தண்டவாளம் உட்காரும் இடம் மட்டும் 20-க்கு 1 என்ற அளவில் உள்பக்கம் சாய்ந்திருக்கும். உள்ளே குடைவு என்பதால் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி அடுக்கலாம், ஏற்றி இறக்குவது எளிது. நான் மாட்டிக்கொண்ட வாக்கியம் இது:

“_____ தண்டவாளங்களை அவற்றின் இடைவெளி மாறாமல் பிடித்திருக்க வேண்டும், வண்டியின் சுமையை வாங்கி ஜல்லியில் பரப்பிக் கொடுக்கவும் வேண்டும்.”

கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

* * *

எழுதியவர்: தமிழாசிரியர்

தம்பி, நல்ல கேள்வி. சொல் தேடி எங்கும் போக வேண்டாம், புறநானூற்றிலேயே இருக்கிறது. 102-ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. எருதுகள் இளையவை, நுகம் அறியாதவை, வண்டியிலோ பாரம் அதிகம், பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யார் கண்டது என்று உப்பு வணிகர்கள் முன்யோசனையாகச் செய்த காரியத்தைச் சொல்கிறார்: “உமணர் கீழ்மரத்து யாத்த சேம அச்சு.” வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்தார்களாம்.

அந்த அடியில் ‘கீழ்மரம்’ இருக்கிறது, ‘யாத்த’ என்பதும் இருக்கிறது. அமெரிக்கர்கள் இந்தப் பொருளை ‘டை’ என்கிறார்கள், கட்டு என்று பொருள். யாத்தல் என்றாலும் கட்டுதல்தான். எழுத்தையும் அசையையும் சீரையும் கட்டுவது யாப்பு, எலும்பும் தசையும் கட்டிய உடல் யாக்கை. ஆக, ‘கீழ்மரம்’ அல்லது ‘யாப்புமரம்’.

உலோகத்தை எப்படி மரம் என்பது என்று கேட்பீர்கள். நெல் அளக்கும் மரக்காலை இரும்பில் செய்தபோது நாம் பெயரை மாற்றவில்லையே!

* * *

எழுதியவர்: பாதைப் பொறியாளர் (ஓய்வு)

ஐயாவின் புறநானூற்று அடியை இரண்டு முறை வாசித்தேன். சுமை, மேடு பள்ளம், மாற்று அச்சு என்று அது முழுக்க எங்கள் துறைச் செய்திதான். ஆனாலும் ‘கீழ்மரம்’ சரிவராது ஐயா.

பாதையில் வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்வது ‘சிலிப்பர் கட்டை’ என்றுதான். மரமானாலும், வார்ப்பிரும்பானாலும், எஃகானாலும், இப்போது எங்கும் கிடக்கும் கான்கிரீட்டானாலும் அவர்கள் வாயில் கட்டைதான். கட்டை மரத்தை விட்டு வந்து வெகுகாலம் ஆயிற்று. சைக்கிளில் ‘பிரேக் கட்டை’ தேய்ந்துவிட்டது என்கிறோம். அது ரப்பர். அதில் மரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம், ‘குறுக்கு’ என்பதில் எனக்குச் சம்மதமில்லை. தொடக்க காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் தனித்தனிக் கற்பாளங்களை வைத்தார்கள். இங்கிலாந்தில் புரூனல் என்ற பொறியாளர் போட்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதையில் மரங்களைத் தண்டவாளத்தின் நீளவாக்கிலேயே கிடத்தினார்கள். அந்த ஏழடி அகலப் பாதை 1892 வரை ஓடியது. ஜெர்மனியில் இன்று எஃகிலேயே ஒய் வடிவத்தில் செய்கிறார்கள். ஒரு கால் இரண்டாகப் பிரிந்து போகும். இவை எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் எல்லாமே குறுக்கே கிடப்பவை அல்ல. பெயரை வேலையிலிருந்து எடுங்கள்.

தம்பிக்கு இன்னொரு செய்தி, அத்தியாயத்துக்கு உதவும். எஃகுக் கட்டையில் தண்டவாளத்தைப் பிடிக்க, தகட்டையே அழுத்தி எழுப்பிய பிடிகள் இருக்கும். அந்தப் பிடி எழும்பும் மூலையில்தான் முதலில் வெடிக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. தலைமுடி அகலத்தில் செம்மண் நிறக் கோடு ஒன்று ஓடியிருக்கும், துரு கசிந்த தடம். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். சுத்தியலால் தட்டியும் பார்ப்போம். உள்ளே ஜல்லி நிறைந்திருந்தால் ‘தொம்’ என்று மழுங்கிய சத்தம் வரும், வெற்றிடம் இருந்தால் ‘டங்’ என்று காலிப் பானை போல ஒலிக்கும். வடிவமைப்பவர் அந்த மூலையைக் கூர்மையாக விடாமல் வளைத்து விட வேண்டும், குடைவை ஜல்லி முழுதாக ஏறும் வடிவில் வைக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய வரைவில் அந்தப் பிடியை ‘நீட்சி’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘காது’ என்று எழுதுங்கள். ஊசிக்குக் காது இருக்கிறது, வாணலிக்கு இருக்கிறது, இதற்கும் இருக்கட்டும். அதில் அடித்து இறுக்கும் ‘கீ’க்கு ‘ஆப்பு’ இருக்கவே இருக்கிறது.

* * *

எழுதியவர்: இயற்பியல் ஆசிரியை

தமிழாசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். ‘யாப்பு’, ‘கட்டு’, ‘இணைப்பு’ என்று எதுவும் இந்தப் பெயருக்குள் வரக் கூடாது என்பேன். காரணம் இலக்கணம் அல்ல, மின்சாரம்.

பல பாதைகளில் வண்டி எங்கே நிற்கிறது என்று அறிய இரண்டு தண்டவாளத்திலும் சிறு மின்னோட்டம் விடுகிறார்கள். ஒரு முனையில் மின்கலம், மறுமுனையில் ரிலே, அதாவது மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச். வண்டி வந்ததும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளத்தையும் குறுக்கே இணைத்துவிடும். ரிலேக்கு மின்னோட்டம் போகாது, சிக்னல் சிவப்பாகும். மரக்கட்டையில் இந்த ஏற்பாட்டுக்குத் தொல்லை குறைவு. உலோகக் கட்டையை அப்படியே வைத்தால் கட்டையே இரண்டையும் இணைத்துவிடும். வண்டி வராமலே வந்ததாகக் காட்டும். அதனால்தான் தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவே மின்காப்புத் திண்டு வைத்து, பிடிப்புகளுக்கும் காப்பு உறை போடுகிறார்கள். உலோகக் கட்டை வடிவமைப்பில் பாதித் தலைவலி இதுதான். தண்டவாளங்களை இயந்திர முறையில் பிடிக்க வேண்டும், மின்முறையில் பிரிக்க வேண்டும். ‘இணைப்புக்கட்டை’ என்று பெயர் வைத்துவிட்டு அதே பக்கத்தில் ‘இது இணைக்கக் கூடாது’ என்று நான் எப்படிப் பாடம் நடத்துவேன்?

பொறியாளர் ஐயா சொன்னபடி வேலையிலிருந்து எடுப்போம். தாங்குகிறது. ‘தாங்கி’ என்று சுருக்கலாம்தான், ஆனால் சக்கரத்தில் இருக்கும் பேரிங்கைத் ‘தாங்கி’ என்று ஏற்கெனவே பாடநூலில் போட்டுவிட்டோம். ஆகவே ‘தாங்குகட்டை’.

* * *

எழுதியவர்: தமிழாசிரியர்

மின்சார விளக்கம் எனக்குப் புதிது. யாப்புமரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கீழ்மரத்தை இல்லை.

‘தாங்குகட்டை’ இலக்கணப்படி குற்றமில்லை. வினைத்தொகை: தாங்கிய கட்டை, தாங்குகின்ற கட்டை, தாங்கும் கட்டை. நடுவில் ஒற்று மிகாது. தட்டச்சில் ‘தாங்குக்கட்டை’ ஆகிவிடாமல் தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும். ‘குறுக்குக்கட்டை’யில் மிகும், அது வன்தொடர்க் குற்றியலுகரம். மாணவர் இரண்டையும் குழப்புவார்கள். இரும்பு என்பதைச் சேர்க்க நினைத்து, இருப்புப்பாதை போல ‘இருப்புக்கட்டை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கிடங்கில் இருப்பில் உள்ள கட்டை என்று படிப்பார்கள்.

தண்டவாளம் என்ற சொல்லைப் பற்றியும் நெடுநாளாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு. தண்டு + பாளம். தண்டு போல நீண்ட இரும்புப் பாளம். நடுவில் நின்ற பகரம் வகரமாயிற்று. கபாடம் கவாடம் ஆனதுபோல.

* * *

எழுதியவர்: கல்லூரி மாணவர்

ஐயா, கபாடம் வடசொல். கடன் சொல்லில் நடந்த மாற்றத்தைத் தமிழ்ச் சொல்லுக்குச் சான்றாகக் காட்டலாமா? தண்டு + பாளம் புணர்ந்தால் தண்டுப்பாளம் என்றுதானே வர வேண்டும்? ‘தண்ட’ என்பதே வடமொழித் ‘தண்டம்’ என்றால், அந்தச் சொல்லையே மாற்ற வேண்டாமா? ‘இருப்புக்கோல்’ என்று வைத்துக்கொண்டால் தூய்மையாக இருக்கும். அதன்மேல் வண்டி ஓட, அடியில் இது துயில்கிறது. ஆகவே ‘துயிலி’. ஒரே சொல், மூன்றே எழுத்து. கட்டை, மரம் என்ற சிக்கலே இல்லை.

* * *

எழுதியவர்: பாதைப் பொறியாளர் (ஓய்வு)

தம்பி, தண்டவாளத்தில் கை வைக்காதீர்கள். ‘வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது’ என்று ஊரே பேசுகிற சொல் அது.

துயிலியைப் பற்றி. சிலிப்பர் என்பது ஆங்கில ‘ஸ்லீப்பர்’, தூங்குபவர் என்று பொருள். தூங்குவது ஆங்கிலேயருக்குத் தோன்றிய உருவகம். ஜெர்மானியர் இதை ‘ஷ்வெல்லே’ என்பார்கள், வாசற்படி என்று பொருள். பிரெஞ்சுக்காரர் ‘திராவெர்ஸ்’ என்பார்கள், குறுக்கே போவது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று கண்ணில் பட்டிருக்கிறது. நம் ஆட்களுக்குக் கட்டை பட்டது. அதை விட்டுவிட்டு அடுத்தவர் கண்ட தூக்கத்தை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? சுமை ஏறும்போதெல்லாம் வளைந்து நிமிர்கிற பொருள் இது, அது தூங்குவதாக ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

மொழிபெயர்ப்பாளர் தம்பிக்கு: வார்ப்பிரும்பில் ஒரு வகை உண்டு. இரண்டு தண்டவாளத்துக்கும் அடியில் கவிழ்த்த கிண்ணம் போலத் தனித்தனித் துண்டுகள், நடுவில் அவற்றைச் சேர்க்கும் ஒரு தண்டு. இந்தியாவில் நிறையப் போட்ட சிஎஸ்டி-9 இந்தக் குடும்பம்தான். அந்தத் தண்டுக்குப் பெயர் ‘டை பார்’. பிணைத்தல், கட்டுதல் என்ற சொற்களை எல்லாம் அதற்காக மிச்சம் வையுங்கள். ‘பிணைத்தண்டு’ என்று எழுதலாம். அகலத்தை நிஜமாகவே பிணைத்து வைப்பது அதுதான்.

* * *

எழுதியவர்: மட்டுறுத்துநர்

தண்டவாளத்தின் வேர்ச்சொல்லுக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே தொடருங்கள். புதன் மாலை வரை வந்த கருத்துகள்: தாங்குகட்டை 5, சிலிப்பர் கட்டை 3, குறுக்குக்கட்டை 2, கீழ்மரம் 1, துயிலி 1. மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யட்டும்.

* * *

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. ‘தாங்குகட்டை’ என்றே எழுதுகிறேன். அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில் ‘பணியிடத்தில் இதைச் சிலிப்பர் கட்டை என்பார்கள்’ என்று சேர்த்துவிட்டேன். மாணவர்கள் நாளை வேலைக்குப் போகும்போது காதில் விழப்போவது அதுதானே. மர அத்தியாயத்தையும் திருத்தியாயிற்று. காது, ஆப்பு, பிணைத்தண்டு மூன்றையும் எடுத்துக்கொண்டேன். அந்த வெடிப்பு மூலையைப் பெரிதாக்கி ஒரு படமும் போட்டிருக்கிறேன்.

மனம் முழுதாக ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாங்குவது பாதி வேலைதான். பிடிப்பது மற்றப் பாதி, அது பெயரில் இல்லை. ‘தாங்குபிடிகட்டை’ என்று எழுதிப் பார்த்து நானே அடித்துவிட்டேன். ஒய் வடிவத்துக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. இப்போதைக்கு ‘ஒய் தாங்குகட்டை’ என்று விட்டிருக்கிறேன்.

* * *

எழுதியவர்: தமிழாசிரியர்

ஒய் வடிவத்துக்குச் சொல் இருக்கிறது தம்பி: கவை. மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடம். ‘கவைத் தாங்குகட்டை’ என்று போடுங்கள். பிள்ளைகளின் கவட்டை வில்லும் அதே சொல்தான், யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

கீழ்மரம் பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. மறுபதிப்பு வந்தால் திரும்பவும் எழுதுவேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ‘மடங்கிய முணை’ என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ‘முனை’ ஆக்கிவிடுங்கள்.