கன்னையா, அணியா: ‘நல்லூர் அரசு’ மொட்டுக்கு ஒரு சொல்

மடல் 1

எல்லாருக்கும் வணக்கம்.

ஹார்ட்ஸ் ஒஃப் அயர்ன் 4 என்ற கணினிப் போர் விளையாட்டுக்கான ‘நல்லூர் அரசு’ மொட்டின் (மொட்: மூல விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் தொகுப்பு) தமிழாக்கம் ஒரே சொல்லில் முட்டி நிற்கிறது. சொல் ‘ஃபாக்ஷன்’. மூல விளையாட்டில் அது நாடுகள் சேர்ந்து அமைக்கும் போர்க்கூட்டு: நேச நாடுகள், அச்சு நாடுகள். மொட்டின் ஆங்கில வரிகளிலோ நல்லூர் அரசவைக்குள் இழுபறிப்படும் நான்கு தரப்புக்கும் அதே சொல்தான். முதல் வரைவில் இரண்டுக்கும் ‘கூட்டணி’ என்று போட்டிருந்தது. ‘கோயில் கூட்டணி போரை எதிர்க்கிறது’ என்று வாசிப்பவர் எந்த வெளிநாடுகள் எதிர்க்கின்றன என்று தேடுவார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பின்னணி. 1617 இல் யாழ்ப்பாண மன்னன் எதிர்மன்னசிங்கன் இறந்தபின் எழுந்த வாரிசுச் சண்டையும், 1619 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா தலைநகர் நல்லூரைப் பிடித்ததும் வரலாறு. மொட்டில் ஒலிவேரா தோற்றுத் திரும்புகிறார். அதிலிருந்து காலக்கோடு பிரிகிறது. 1658 இல் ஒல்லாந்தரும் இல்லை, 1795 இல் ஆங்கிலேயரும் இல்லை. விளையாட்டு தொடங்கும் 1936 சனவரி 1 இல் நல்லூரில் பழைய அரச மரபின் ஓர் ஆரியச்சக்கரவர்த்தி இருக்கிறார். செகராசசேகரன், பரராசசேகரன் என்ற அரியணைப் பெயர்கள் மாறி மாறி வருகின்றன.

அவருக்குக் கீழே நான்கு தரப்பு: அரண்மனை, கோயில், துறைமுகம், வாலிபர். நால்வரும் முதலில் முட்டுவது தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டத்தில். நிசத்தில் ஒல்லாந்தர் 1707 இல் அதைத் தொகுப்பித்தார்கள். எங்கள் காலக்கோட்டில் அந்தத் தொகுப்பு இல்லை. முதுசம் (பரம்பரைச் சொத்து) எது, சீதனம் எது, தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) எது என்பது 1936 இலும் ஊர் முதியோரின் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. ‘தேசவழமையை எழுது’ என்ற 70 நாள் இலக்கைத் தொட்டதும் வாலிபர் ஆதரிப்பார்கள், தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறக்கூடாது என்பதற்காக. துறைமுகமும் ஆதரிக்கும், ஆனால் காரணம் வேறு: கடன் கொடுப்பவருக்கு ஒற்றிக் காணி யாருடையது என்று எழுத்தில் வேண்டும். கடைசித் தீர்ப்பு அரசர் கையை விட்டுப் போகும் என்று அரண்மனை எதிர்க்கும். கோயில் இரண்டுபடும்.

இது கட்சி அரசியல் அன்று. நேற்று அரண்மனையோடு நின்ற முதலியார் இன்று துறைமுகத்தோடு நிற்பார், தீர்வை விடயம் வந்தால் நாளைக்குத் திரும்பி வருவார். திருவிதாங்கூருக்குப் போகும் புகையிலைக்கான தீர்வை நிகழ்வில் அதுதான் நடக்கிறது. ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘கன்னை’.

கிளித்தட்டு விளையாட்டுக்குக் கன்னை பிரிக்கும்போது ஒரே ஊர்ப் பிள்ளைகள்தான் இரண்டாகப் பிரிகிறார்கள். ஆட்டம் முடிந்தால் கன்னை கலையும். அடுத்த ஆட்டத்துக்கு வேறு விதமாகப் பிரியும். கட்சிக்கு யாப்பும் அங்கத்துவமும் உண்டு. கன்னைக்கு உள்ளது ஒரு பக்கம் மட்டும். அந்த வேறுபாடு எங்களுக்குத் தேவை, ஏனென்றால் மூல விளையாட்டின் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வட்டப்படமும் அதே திரையில் இருக்கிறது.

வினையும் சேர்ந்தே கிடைக்கிறது: கன்னை பிரிதல், கன்னை மாறுதல், கன்னை கட்டுதல். ஒரு கன்னையின் செல்வாக்கு 60 ஐத் தாண்டினால் வரும் அறிவிப்புக்கு ‘கோயிற் கன்னையின் கை ஓங்கியது’ என்று எழுதலாம். வேறெந்தச் சொல்லைப் போட்டாலும் இந்த நான்கு இடத்துக்கும் நான்கு தனி மொழிபெயர்ப்புத் தேடவேண்டி வரும்.

மடல் 2

தம்பி, சொல் நல்ல சொல்தான். ஆனாலும் மூன்று தடை எனக்குத் தெரிகிறது.

ஒன்று, இது யாழ்ப்பாணத்து வாய்மொழி. மதுரையிலோ சென்னையிலோ இருந்து விளையாடுபவர் ‘கன்னி’, ‘கன்னம்’ என்ற பக்கமாகத்தான் முதலில் போவார். பாராளுமன்றம் என்றாலும் நாடாளுமன்றம் என்றாலும் இருபக்கத்தாருக்கும் விளங்கும், பாதிச் சொல் பொது. அரசியல் யாப்பு, அரசியலமைப்பு என்பதும் அப்படி. கன்னையில் பிடித்து ஏற ஒரு வேர் அவருக்கு இல்லை.

இரண்டு, பேச்சில் இந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் குறை ஒலிக்கும். ‘அவை கன்னை கட்டுகினம்’ என்றால் அது பாராட்டு அன்று. வாலிபர் தரப்பை ஆதரித்து விளையாடுபவருக்கு அது உறுத்தலாம்.

மூன்றாவதுதான் பெரியது, புணர்ச்சி. உங்கள் நான்கு பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனைக் கன்னை: ககர ஒற்று மிகும். கோயிற் கன்னை: லகரம் றகரமாகும். துறைமுகக் கன்னை: மகரம் கெட்டு ஒற்று மிகும். வாலிபர் கன்னை: ஒன்றும் ஆகாது. நான்கு பெயருக்கும் நான்கு விதி. பெயரை மாறியாக வைத்து அடுத்து ‘கன்னை’ என்று ஒட்டினால் திரையில் ‘துறைமுகம் கன்னை’ என்று வரும். தமிழ் படித்த பிள்ளை ஒன்று அதைப் பார்த்தால் மொட்டையே மூடிவிடும்.

‘அணி’ என்று வையுங்கள். உயிரில் தொடங்குகிறது. அரண்மனை அணி, கோயில் அணி, வாலிபர் அணி. துறைமுகம் ஒன்றில் மட்டும் மகரம் போகவேண்டும். இரு நாட்டாருக்கும் தெரிந்த சொல், செய்தித்தாளும் பாவிக்கிறது.

‘குழு’ வேண்டாம் என்பதில் எல்லோரும் உடன்படுவோம் என்று நினைக்கிறேன். செயற்குழு, விசாரணைக்குழு என்று அது மேசையில் உட்கார்ந்துவிட்டது. ‘கோஷ்டி’ தமிழ்நாட்டு மேடையின் சொல், தவிர இங்கே அது மேளக் கோஷ்டிக்குத்தான் முதலில் போகும்.

மடல் 3

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். வரிகளைக் கோப்பில் போட்டுப் பார்ப்பது என் வேலை என்பதால் அங்கிருந்து சொல்கிறேன்.

‘அணி’ இந்த விளையாட்டில் ஏற்கெனவே எடுபட்டுவிட்டது. படைப்பிரிவுத் திரையில் ‘படையணி’ என்று பாவித்திருக்கிறோம், சுருக்கத்தில் ‘அணி’. ‘அரண்மனை அணி வடக்கே நகர்கிறது’ என்றால் துப்பாக்கியோடு போகிறதா, தீர்மானத்தோடு போகிறதா? போர் விளையாட்டில் இந்த மயக்கம் பொறுக்க முடியாதது. ‘கூட்டணி’யின் வாலிலும் அதே அணி இருக்கிறது.

புணர்ச்சிக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டு சாவி (கோப்பில் ஒரு வரியை அழைக்கும் பெயர்) வைக்கவேண்டும். ஒன்று தனிப்பெயர்: ‘துறைமுகம்’. மற்றது அடைப்பெயர்: ‘துறைமுகக்’. அடைப்பெயரை ஒற்றோடு சேர்த்தே எழுதி வைத்துவிட்டால் நிரலுக்கு விதி எதுவும் தெரிய வேண்டியதில்லை. நான்கு தரப்புக்கு எட்டுச் சாவி, அவ்வளவுதான். ‘அணி’ என்று வைத்தாலும் துறைமுகத்துக்காக இந்த இரண்டாம் சாவியைச் செய்யத்தான் வேண்டும். ஆகவே ‘அணி’யால் வேலை மிச்சம் என்று ஐயா சொன்னது உண்மையில் மிச்சமில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய விடயம் வேற்றுமை உருபு. மாறியின் பெயர் விளையாட்டு ஓடும்போதுதான் வரியில் வந்து விழும். ‘வாலிபர்’ என்பதோடு ‘ஐ’ ஒட்டவேண்டுமென்றால் புள்ளியை எடுத்து ‘வாலிபரை’ ஆக்கவேண்டும். அதைச் செய்ய அந்த நேரத்தில் யாரும் இல்லை. பெயருக்குப் பின் எப்போதும் ஒரே தலைச்சொல் வந்தால் உருபு முழுவதும் அதன் தலையில் ஏறும்: கன்னையை, கன்னைக்கு, கன்னையின், கன்னையால். வினைமுற்றும் ஒன்றாகிறது. ‘வாலிபர் எதிர்த்தனர்’, ‘கோயில் எதிர்த்தது’ என்று இரண்டு வரி வேண்டாம். கன்னை அஃறிணை ஒருமை. எந்தக் கன்னையும் ‘எதிர்த்தது’. தலைச்சொல் கட்டாயம் என்பது முடிவானால் அது குட்டையாகவும் இருக்கவேண்டும், பொத்தானின் அகலம் நாங்கள் நீட்டக்கூடியது அன்று.

எழுத்துரு. இந்த விளையாட்டு எழுத்துகளைப் படத்துண்டுகளாக வைத்து, கோப்பில் வந்த வரிசையிலேயே ஒட்டுகிறது. ‘கன்னை’ யூனிகோடில் ஐந்து குறி: க, ன, புள்ளி, ன, ஐகாரக் கொம்பு. அப்படியே விட்டால் ‘கன்ன’ என்று வந்து கொம்பு கடைசியில் தனியே நிற்கும். ஆகவே கோப்பைக் கட்டுமுன் எ, ஏ, ஐ கொம்புகளை மெய்க்கு முன்னே நகர்த்தும் நிரலை ஓட்டுகிறோம். ஒகர ஓகாரங்களைக் கொம்பாகவும் காலாகவும் பிரிக்கிறது. உகர ஊகார வரிசை ஒட்டினால் வராது. 18 மெய்க்கும் 36 தனி எழுத்துப்படம் செய்து யூனிகோடில் அவரவர் சொந்த எழுத்துக்கு விடப்பட்ட தனிப்பயன் பகுதியில் வைத்திருக்கிறோம். டி, டீ இரண்டும் அங்கேயே.

இந்த நிரலை ஒரே கோப்பில் இரண்டு தரம் ஓட்டக்கூடாது. ‘அரண்மனை’ முதல் ஓட்டத்தில் சரியாக வரும். அப்போது கொம்பு மகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவே நிற்கிறது. இரண்டாம் ஓட்டம் அதை மகரத்தின் கொம்பு என்று எடுத்து இன்னும் முன்னே தள்ளும், திரையில் ‘அரண்மைன’. ‘கன்னை’ இரண்டாம் ஓட்டத்திலும் தப்பும், கொம்புக்கு முன்னே புள்ளி நிற்பதால். இதனால்தான் சில வரிகள் சரியாகவும் சில கெட்டும் வருகின்றன, பிழை எங்கே என்று பிடிபடாமல் போகிறது. மூலக்கோப்பு யூனிகோடு வரிசையிலேயே இருக்கட்டும். நிரல் எழுதுவது வேறு கோப்புறைக்குள் போகட்டும். கோப்பைச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 மட்டும் போதாது, தலையில் பைட்டு வரிசைக் குறியும் (BOM) வேண்டும். அது இல்லாவிட்டால் வரிகள் ஏறாது, தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் சாவிப் பெயர் தெரியும்.

இன்னொரு சொல்லையும் இதோடு தீர்க்கவேண்டும். கன்னைகளின் ‘செல்வாக்கு’. தொடக்க மதிப்பு அரண்மனை 40, கோயில் 25, துறைமுகம் 25, வாலிபர் 10. கூட்டினால் எப்போதும் 100. ‘வாலிபர் செல்வாக்கு 12 கூடும்’ என்று எழுதினால் மற்றவர்களின் மதிப்பு ஏன் இறங்கியது என்று கேட்பார்கள். செல்வாக்கு எல்லோருக்கும் சேர்ந்து கூடக்கூடிய பொருள். இது பங்கு. ‘பங்கு’ என்றே எழுதுவோம்.

பழைய நிரல் 12 ஐ மூன்றாகப் பிரித்து மற்றவர்களிடம் நாலு நாலாகக் கழித்தது. ஏழாம் தரம் கோயில் −3 ஆகிறது. கூட்டுத்தொகை 100 தான், ஆனால் வட்டப்படம் உடைகிறது. இப்போது அவரவர் பங்கின் அளவுக்கு ஏற்பக் கழிக்கிறோம்: மற்ற மூவரிடமும் உள்ள 90 இல் அரண்மனைக்கு 40, ஆகவே 5.33, கோயிலுக்கும் துறைமுகத்துக்கும் 3.33. மிஞ்சுவது 34.67, 21.67, 21.67, வாலிபர் 22. முழு எண்ணாக்கினால் 35, 22, 22, 22. கூட்டிப் பாருங்கள், 101. ஆகவே பெரிய பங்கை மட்டும் முழு எண்ணாக்காமல், மற்ற மூன்றையும் 100 இலிருந்து கழித்து 34 என்று காட்டுகிறோம். உள்ளே இருக்கும் தசம மதிப்பில் கை வைப்பதில்லை.

மடல் 4

பிள்ளை சொன்ன படையணிச் சிக்கலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அணியை விடுகிறேன்.

கன்னையின் எழுத்தைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் இருந்த அச்சில் ‘னை’ ஒரே அச்செழுத்து. யானைத் துதிக்கை போல வளைந்து வரும். அச்சுக் கோப்பவர் ‘கன்னை’க்கு மூன்று அச்சு எடுத்தால் போதும். ‘னை’யையும் தனிப்பயன் பகுதியில் ஒரே படமாகச் செய்துவிட்டால், நகர்த்தும் நிரல் அந்த எழுத்தைத் தொடவே வேண்டியதில்லை. அரண்மனையும் கன்னையும் சேர்ந்தே தப்பும். ணை, லை, ளை மூன்றையும் அப்படியே செய்யலாம். படத்தின் வடிவம் இன்றைய வடிவமாகவே இருக்கட்டும், பழைய துதிக்கையை இன்றைய பிள்ளைகள் வாசிக்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு: முதல் தரம் கன்னைத் திரை திறக்கும்போது சுட்டுக்குறிப்பில் ஒரு வரி போதும். ‘கன்னை: ஒரே அவைக்குள் ஒரு விடயத்துக்காகச் சேர்ந்து நிற்கும் பக்கம்.’ அதற்குக் கீழே நான்கு பெயரும் பங்கோடு தெரிவதால் ஐந்து நிமிடத்தில் சொல் பழகிவிடும். குறை ஒலிப்பைப் பற்றிச் சொன்னதையும் திருத்திக்கொள்கிறேன். குறை ‘கட்டுதல்’ என்ற வினையில்தான் இருக்கிறது, பெயரில் இல்லை. ‘கன்னை கட்டுதல்’ சதி நிகழ்வுகளுக்கு மட்டும் இருக்கட்டும், மற்ற இடத்தில் ‘கன்னை சேர்தல்’.

காலக்கோட்டுச் சோதனையிலும் இது தேறுகிறது. வரைவில் ‘துறைமுகக் கந்தோர்’ என்று ஒரு கட்டடம் பார்த்தேன். கந்தோர் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் வராத நல்லூரில் அது எப்படி வந்தது? ‘ஆயம்’ என்று மாற்றுங்கள், சுங்கத்துக்குப் பழைய சொல். ‘அலுமாரி’ இருக்கலாம், போர்த்துக்கேயர் 1619 இற்கு முன்னரே வந்து போனவர்கள். ‘வாலிபர் காங்கிரஸ்’ என்று எங்கும் எழுதவேண்டாம். 1924 இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த அந்த இயக்கம் குடியேற்ற ஆட்சிக்கு எதிராக நின்றது, 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. எதிர்க்க அந்த ஆட்சியே இல்லாத நாட்டில் அதன் பெயர் வந்தால் அவர்களுக்கும் நியாயமில்லை, கதைக்கும் நியாயமில்லை. ‘வாலிபர் கன்னை’ போதும்.

மடல் 5

ஐயா, ‘னை’ யோசனையை இன்றே எழுத்துருக் கோப்பில் சேர்க்கிறோம். தங்கச்சி, நான்கு படத்துக்கும் குறியெண் ஒதுக்கிவிட்டு நகர்த்தும் நிரலில் அவற்றை விலக்கிவிடு.

சொற்கோப்பில் இப்படிப் போகிறது. அவைக்குள் இருப்பது கன்னை. நாடுகளுக்கிடையே இருப்பது நாட்டுக்கூட்டு. ‘நேசக்கூட்டு’ என்றால் நேச நாடுகளோடு மயங்கும், ‘கூட்டணி’ இங்கே கட்சிப் பெயராக ஊறிவிட்டது. அளவு பங்கு. 60 ஐத் தாண்டினால் கையோங்கிய கன்னை. நாட்டின் நிலை ‘உறுதிப்பாடு’. பத்திரிகைகள் எழுதும் ‘ஸ்திரத்தன்மை’ நீளம்.

கோயில் இரண்டுபடும் நிகழ்வுக்கு அடைப்பெயர் இன்னும் இல்லை. தேசவழமையை எழுதலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் கோயிற் கன்னைக்குள்ளேயே நிற்கிறார்கள். நிரலில் ஐந்தாம் மாறி வேண்டாம், பங்கு பிரிவதில்லை. நிகழ்வின் வரியில் மட்டும் இரண்டு பக்கத்தையும் சுட்டவேண்டும். ‘எழுத்துக் கன்னை’, ‘வாய்மொழிக் கன்னை’ என்று போட்டால் புதிதாக இரண்டு கன்னை முளைத்ததாக விளையாடுபவர் நினைப்பார். ‘எழுத்துப் பக்கம்’, ‘வாய்மொழிப் பக்கம்’ என்று வைத்திருக்கிறேன். பகரம் மிகுவதால் இந்த இரண்டுக்கும் அடைப்பெயர்ச் சாவி தனி. வியாழனுக்குள் மாற்றுச் சொல் வராவிட்டால் இதுவே கோப்பில் ஏறும்.