இறுதித் தேர்வில் பிள்ளைகள் விடுபட்டிருக்கிறார்கள்: எந்த மதிப்பை முன்வைப்பது?

வணக்கம். ஆசிரியர் வேலையிலிருந்து கல்வித் திட்ட மதிப்பீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். தனியாகப் பொறுப்பேற்ற முதல் ஆய்வில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூன்றாம் வகுப்பு வாசிப்புத் திட்டம். திட்டம் நடந்த பள்ளிகள், திட்டம் இல்லாத ஒப்பீட்டுப் பள்ளிகள் என்று குலுக்கல் முறையில் பிரித்த 24 பள்ளிகள், ஒவ்வொரு தரப்பிலும் 480 பிள்ளைகள், முதல் தேர்வுக்கும் இறுதித் தேர்வுக்கும் இடைவெளி பத்து மாதம். இறுதித் தேர்வு எழுதியவர்கள் திட்டப் பள்ளிகளில் 441, ஒப்பீட்டுப் பள்ளிகளில் 370 மட்டுமே. ஒப்பீட்டுப் பக்கம் விடுபட்டவர்களில் பலர் முதல் தேர்வில் திணறியவர்கள். ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் வைத்து, கூட்டிக் கூட்டி வாசித்த ஒரு சிறுமி நினைவில் நிற்கிறாள். கோப்பில் இப்போது அவள் வரிசை காலி. இப்படித் திணறியவர்கள் விடுபட்டதால் ஒப்பீட்டுப் பக்கச் சராசரி உயர்ந்து, திட்டத்தின் பலன் குறைவாகத் தெரிகிறது என்பது என் சந்தேகம்.

இரண்டு முறை திரும்பப் போய்த் தேடினோம். மேலே உள்ளது அதற்குப் பிறகான கணக்குதான். பள்ளிவாரித் தொகுப்பைக் கணக்கில் எடுத்த பலநிலை மாதிரியில் விளைவு 0.11 திட்டவிலக்கம் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு, standard deviation). விடுபட்டவர்களை ஈடுகட்ட, முதல் தேர்வு மதிப்பெண்ணில் அவர்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தால் 0.19. விடுபட்டவர்களால் விளைவு எதுவரை இறங்கலாம், எதுவரை ஏறலாம் என்று காட்டும் லீ எல்லைகள் (Lee bounds) போட்டால் −0.06 முதல் 0.31 வரை, அதற்குள் பூஜ்யமும் வருகிறது. நிதி தந்தவர்கள் ஒரே எண் கேட்கிறார்கள். அறிக்கைக்கு இன்னும் ஒன்பது நாள்.

இந்த நிலையில் அறிக்கையின் முதல் பக்கத்தில் எந்த மதிப்பைப் போடுவீர்கள், ஏன்?