வீட்டுக்கு வீடு சுகர் பார்க்கப் போறவங்க, மறக்க முடியாத ஒண்ணைச் சொல்லுங்க

தக்கலை சிஸ்டர்:
இது இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. காலையில 9 மணி. அம்மச்சி கட்டில்ல சாஞ்சு கிடக்காங்க, ஜம்பர் (ரவிக்கை) பிழியுற மாதிரி வேர்வை, கை சில்லுன்னு இருக்கு. சுகர் மீட்டர்ல 42, ரொம்பக் குறைவு. "எப்பவும் போடுற 20 யூனிட் இன்சுலின்தான் போட்டேன் சிஸ்டர்"னு மருமக சத்தியம் பண்றா. பொய் இல்ல, 20 கோடு வரைக்கும்தான் எடுத்திருக்கா. ஆனா குப்பி தீர்ந்துபோனதால, கல்ஃப்ல இருந்து மகன் கொண்டுவந்த பேனா மருந்துல (பேனா மாதிரி ஊசிக்கருவியில போடுற இன்சுலின்) சிரிஞ்சைக் குத்தி எடுத்திருக்கா.

நாம குடுக்கிற குப்பியில மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்சு அதுக்குள்ளது. பேனா மருந்துல மில்லிக்கு 100. சிவப்பு மூடி சிரிஞ்சுல 20 கோடுன்னா அரை மில்லி. குப்பியில எடுத்தா அது 20 யூனிட், பேனா மருந்துல எடுத்தா 50!

நினைவு இருந்ததால 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கலக்கிக் குடுத்தாச்சு. 15 நிமிஷத்துல 61. திரும்பவும் அதே அளவு, 88. அப்புறம் கஞ்சி. ஆனா 88 வந்திடுச்சேன்னு விட்டுட்டு வரக்கூடாது. கலங்கல் மருந்து (பால் மாதிரி கலங்கலா இருக்கிற இன்சுலின்) மணிக்கணக்கா வேலை செய்யும், சாயங்காலம் மறுபடி இறக்கும். 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. அரை மயக்கத்துல இருக்கிறவங்க வாயில மட்டும் ஒண்ணும் ஊத்திராதீங்க, புரையேறிடும்.

குலசேகரம் பக்கம்:
இங்க எல்லாம் ரப்பர் பால்வெட்டுக்காரங்கதான். விடியுறதுக்கு முன்னால ஊசியைப் போட்டு, ஒரு கட்டன் சாயா (பால் இல்லாத டீ) குடிச்சிட்டு மரத்துக்குப் போயிருவாங்க. கலங்கல் ஊசி போட்டா அரைமணி நேரத்துல சாப்பிடணும். இவங்க பாலை எடுத்து ஊத்தி முடிச்சுக் கஞ்சி குடிக்க 10 மணி ஆயிரும். ஒருத்தர் வெட்டுக்கத்தியைக் கையில வச்சுக்கிட்டே பட்டையையே பார்த்து நிக்கிறாரு, எந்தப் பக்கம் வெட்டணும்னு தெரியல. மீட்டர்ல 54.

மழைக்காலத்துல வெட்டு இல்ல, நடையும் இல்ல, அப்ப அதே அளவு ஊசி போட்டாலும் சுகர் ஏறும். டாக்டர் அந்த ஏறின கணக்கைப் பார்த்து அளவைக் கூட்டியிருப்பாரு. வெயில் அடிச்சு வெட்டு தொடங்கின வாரம்தான் ஆபத்து. அதனால நோட்டுல சுகர் நம்பருக்குப் பக்கத்துல "வெட்டு உண்டு", "வெட்டு இல்ல"ன்னு எழுதணும். அளவை நாம மாத்தக்கூடாது, நோட்டைக் காட்டினா டாக்டரே மாத்துவாரு.

கடலோரக்காரி:
குலசேகரத்துக்காரரே, எல்லாத்தையும் சாப்பாட்டு நேரத்துமேல போடாதீங்க. வயித்தைத் தடவிப் பார்த்தீங்களா? தொப்புளுக்கு வலது பக்கம், ஒரே இடத்துல குத்திக் குத்தி, எலுமிச்சங்காய் மாதிரி ஒரு கட்டி இருக்கும். அங்க குத்தினா வலிக்காது, அதனால தினமும் அங்கேயேதான். கட்டியில இருந்து மருந்து ஒழுங்கா இறங்காது, ஒருநாள் 300, ஒருநாள் 60. இடம் மாத்துங்கன்னு சொல்லிட்டு மட்டும் வந்தாலும் தப்பு. நல்ல தோல்ல அதே அளவு பலமாப் பிடிக்கும், டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் மாத்தணும். வயித்தை நாலு கட்டமாப் பிரிச்சு வாரத்துக்கு ஒரு கட்டம், தொப்புள்ல இருந்து மூணு விரல் தள்ளி, முந்தின நாள் குத்தின இடத்துல இருந்து ஒரு விரல் விட்டு. ஊசியை அமுக்கினதும் எடுத்திராம மெதுவா 10 எண்ணணும். கலங்கல் குப்பியைக் குலுக்காம உள்ளங்கையில வச்சு உருட்டணும், அடியில வெள்ளையா ஒட்டியிருந்தா மேல உள்ள தெளிவுதான் சிரிஞ்சுக்குள்ள வரும்.

இன்னொண்ணு, எங்க கடலோர ஊர்ல கரண்டு போனா மருந்தை மீன் ஐஸ் பெட்டிக்குள்ள போட்டிருவாங்க. உறைஞ்ச இன்சுலின் திரும்ப உருகினாலும் உதவாது, பார்க்க நல்லாத்தான் இருக்கும். 2017ல ஒக்கி புயல் அடிச்சு நாள்கணக்கா கரண்டு இல்லாம கிடந்தது ஞாபகம் இருக்கும்ல? திறந்த குப்பிக்கு ஐஸ் வேண்டாம். ஈர மணல்ல பாதி புதைச்ச சின்ன மண்சட்டியில, நனையாம வச்சு மூடுங்க. 30 டிகிரிக்கு மேல போகாம இருந்தா 28 நாள் வரைக்கும் போடலாம். திறந்த தேதியைக் குப்பிமேல எழுதுங்க.

மார்த்தாண்டம்:
சிரிஞ்சைப் பத்திச் சொன்னா நீங்க ஐஸ் பெட்டிக்குப் போயிட்டீங்க அக்கா. மீட்டரையும் அப்படியே நம்பாதீங்க. சக்கை (பலாப்பழம்) சீசன்ல ஒரு பாட்டா (தாத்தா), சுளை பிரிச்ச கை. ஸ்பிரிட் பஞ்சால துடைச்சுக் குத்தினா 342. வீட்டுல அழுகை. சோப்புப் போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சு, வேற விரல்ல ஓரமாக் குத்தினா 168. சக்கைப்பழத்து இனிப்பு விரல்ல ஒட்டியிருந்தா ஸ்பிரிட்டுக்கு முழுசாப் போகாது. கருப்பட்டிக் கையும் அப்படித்தான். 342ஐ நம்பி ரெண்டு யூனிட் கூட்டியிருந்தா?

தக்கலை சிஸ்டர்:
நான் முதல்ல சொன்ன வீட்டுல மருமகளுக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்க வராது. அதனால குப்பிக் கழுத்துல சிவப்பு நூல் கட்டியாச்சு. சிரிஞ்சு மூடி சிவப்பு, குப்பி நூல் சிவப்பு, ரெண்டும் ஒத்துப்போனாத்தான் எடுக்கணும். பேனா மருந்து தனி டப்பாவுல, பேனாவோட சேர்த்து. மகன் அடுத்த லீவுக்கு இன்னும் அஞ்சு பெட்டி கொண்டு வர்றானாம்.