செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்ட பேஸ்பால் கார்டுகளை எப்படிப் பிரிப்பது?

1991-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டேடியம் கிளப் வரிசைக் கார்டுகள் (பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகள்), ஏறக்குறைய 80 இருக்கும், ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டுவிட்டன. இருப்பது ஹூஸ்டனில். பெட்டியில் படுக்கவைத்து அடுக்கி, ஏசி இல்லாத கராஜில் ஆறு கோடை விட்டுவிட்டேன், இந்த ஊர்ப் புழுக்கத்தில் பளபளப்புப் பூச்சுள்ள கார்டு என்ன ஆகும் என்று யோசிக்காதது என் தப்புதான். போன வாரம்தான் பெட்டியைத் திறந்தேன்.

நட்சத்திர வீரர்களை எல்லாம் தேடி ஒன்றாக அடுக்கியிருந்தேன், அதுதான் வினை. நடுவில் எங்கோ ஜெஃப் பாக்வெல்லின் ரூக்கி கார்டு (அறிமுக ஆண்டுக் கார்டு, எண் 388), அப்புறம் நோலன் ரையன் டக்சீடோ போட்டு நிற்கும் எண் 200. விலைக்கு இரண்டும் பெரிதில்லை, ஆனால் எங்கள் ஹூஸ்டன் அணியான ஆஸ்ட்ரோஸின் ரசிகனுக்கு பாக்வெல் பாக்வெல்தான்.

செய்து பார்த்தவை: முதலில் நகத்தால் உரித்தேன், மேல் கார்டின் பின்பக்கத்தோடு அடுத்ததன் முகமே வந்துவிட்டது. பிறகு ஜிப் பையில் போட்டு 12 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கட்டியை மெல்ல வளைத்தேன். ஓரத்தில் இருந்த பத்து கார்டுகள் படபடவென்று கழன்றன, அதிலும் மூன்றில் வெள்ளைத் திட்டு. பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை நுழைத்தால் ஓரம் வெட்டுப்படுகிறது. தண்ணீர், ஆவி, ஹேர் டிரையர் எதையும் தொடவில்லை, பயம்.

இதே வருடத்துக் கார்டுகளை, நடுவில் இருப்பவற்றின் முகம் உரியாமல் யாராவது பிரித்திருந்தால், எப்படிச் செய்தீர்கள்?