மறு: தீவிர சிகிச்சையில் உள்ள குழந்தைகளின் தசை இழப்பு – சொல் வேண்டும்

ஐயா, நண்பர்களே, வணக்கம்.

தீவிர சிகிச்சையில் கிடக்கும் குழந்தைகளுக்குத் தசை குறைந்துபோவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, ஐயா முன்வைத்த "தசைச்சிதைவு" வேண்டாம் என்பது என் கருத்து. மரபணுக் கோளாறால் வரும் நோய்க்கு அந்தப் பெயர் செய்தித்தாள் வரை போய் நிலைத்துவிட்டது. நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் கிடக்கும் பிள்ளையின் தாயிடம் அதே சொல்லைச் சொன்னால், பிள்ளைக்குத் தீராத பரம்பரை நோய் என்று கலங்கிப்போவார்.

"தேய்வு" என்றால் எல்லோருக்கும் மூட்டுதான் நினைவுக்கு வரும். "சூம்பல்" எனக்கு மிகவும் பிடித்த சொல். போலியோ வந்த காலைச் சூம்பிப்போன கால் என்றுதானே ஊரில் சொல்கிறோம்? ஆனால் சூம்பியது திரும்பாது என்ற பொருளும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இங்கே பேசுவது தேற வாய்ப்புள்ள இழப்பு. நரம்பு கெட்டு வருவதற்குச் சூம்பலை வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை தசை மெலிவு. மீயொலியால் (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) நாம் அளப்பதே தசையின் தடிமனைத்தான். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் முன்முனைக்கும் முட்டிச்சில்லின் மேல்விளிம்புக்கும் நடுவே தொடையில் குறி வைக்கிறார்கள். ஜெல்லைத் தாராளமாகத் தடவி, கருவியை அழுத்தாமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் தசை நசுங்கி, இல்லாத மெலிவைக் காட்டும். மாற்றமே மில்லிமீட்டர் கணக்கில்தான். பிரான்சில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 5 நாளுக்குள் தொடையின் முன்தசைத் தடிமன் ஏறத்தாழ 10% குறைந்திருந்தது. அவ்வளவு சீக்கிரம்!

மெலிவு என்றால் ஆளே ஒல்லியாவதுதானே என்று கேட்கலாம். இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நீர் கோத்து உடம்பு ஊதியிருக்கும். எடை ஏறும், கைச்சுற்றளவும் குறையாது, உள்ளே தசை மட்டும் மெலியும். மீயொலி தேவைப்படுவதே இதனால்தான். ஆகவே "தசை" என்ற முன்சொல்லை எந்த இடத்திலும் விட்டுவிடக் கூடாது.

அப்புறம், மெலிவையும் வலுக்குறைவையும் ஒன்றாக்க வேண்டாம். வலுவை அறியப் பெரியவர்களிடம் கையைத் தூக்கு, காலை நீட்டு என்று சொல்லி 60க்கு மதிப்பெண் போடுவார்கள். 48க்குக் கீழே போனால் வலுக்குறைவு. மயக்க மருந்தில் இருக்கும் கைக்குழந்தையிடம் அதை எப்படிச் செய்வது? வலுவை அறிய முடியாத இடத்திலும் மெலிவை அளக்கலாம். அதனால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நல்ல தசை மீயொலித் திரையில் கறுப்பாகத் தெரியும். கெட்டுப்போய்க் கொழுப்போ நாரோ சேர்ந்தால் வெளுக்கும். ஒலி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அந்த வெளுப்பின் அளவுக்கு "எதிரொலிச் செறிவு" என்று வைக்கலாமா? "வெண்மை" என்றால் எளிதுதான், ஆனால் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினாலே வெண்மை மாறிவிடுமே. மீயொலிப் பிரிவில் வேலை செய்பவர்கள் இதற்கு ஒரு சொல் தாருங்கள்.