காட்டேரிக் காதலில் விதிகளைத் தளர்த்தலாமா?

ராத்திரிராணி:
ரத்தக்காட்டேரிக்கும் மனுஷிக்கும் காதல், அதுவும் நகைச்சுவையாக. இந்த வகைக் கதை எது கிடைத்தாலும் விடமாட்டேன். காட்டேரிக்கு வெயிலும் பூண்டும் ஆகாது, கண்ணாடியில் உருவம் தெரியாது என்பதுதானே விதி? ஆனால் இப்போது வருகிற நாயகன்கள் வெயிலில் உலாவுகிறார்கள், பூண்டு தின்கிறார்கள், கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிறார்கள். அப்புறம் எதற்குக் காட்டேரி? வெளிறிப்போன பணக்காரப் பையன் என்று எழுதிவிட்டுப் போகலாமே. விதி கறாராக இருந்தால்தான் சிரிப்பு வரும் என்பது என் கட்சி.

பூண்டுப்பல்:
எந்த விதி? பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறார். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் பட்டுச் சாவதெல்லாம் 1922இல் 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படம் செய்த வேலை. ஏதோ பாட்டன் சொத்து மாதிரி காவல் காக்கிறீர்கள்!

ராத்திரிராணி:
யார் வைத்த விதியாக இருந்தாலும் சரி, வைத்த பிறகு மீறாதே என்கிறேன். அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சண்டை. "இனி இந்த வாசற்படியை மிதிக்காதே" என்கிறாள். வேறு காதலன் என்றால் கெஞ்சிக்கொண்டே உள்ளே வந்துவிடுவான். இவனுக்குக் கால் நிஜமாகவே நகரவில்லை. மழையில் நனைந்தபடி மன்னிப்புக் கேட்கிறான். பழைய காலத்து ஆள், மன்னிப்பே முக்கால் மணி நேரம். உள்ளே டிவி சத்தத்தில் அவளுக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. விடியப் போகிறது. இந்தக் காட்சி விதி இல்லாமல் வருமா?

பூண்டுப்பல்:
ஸ்டோக்கர் கணக்குப்படி ஒரு தடவை அழைத்தால் போதும், அப்புறம் நினைத்தபோதெல்லாம் வரலாம். உங்கள் காட்சி வாசலிலேயே படுத்துவிட்டது.

ராத்திரிராணி:
சரி, வாசலில் கடுகைக் கொட்டுகிறேன். சிந்திய விதைகளை எண்ணி முடிக்காமல் காட்டேரி நகராது என்பது ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை. அவன் குனிந்து எண்ணுகிறான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே வேறு எண்களைச் சொல்கிறாள். குழம்பி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான். முத்தக் காட்சியைவிட இதுதான் காதல்.

பூண்டுப்பல்:
கடுகுக் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவல் முழுக்க இப்படியே போனால் அவர்கள் எப்போதுதான் பேசுவது? ஒரு சாயங்காலம் சேர்ந்து நடக்கக்கூட வழியில்லை. விதியைக் கொஞ்சம் விட்டால்தான் காதலுக்கு மூச்சு.

நெற்றிக்கண்:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அவனுக்கு முந்நூறு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. போதாததற்குக் கண்ணால் வசியம் வேறு செய்வான். அவள் சொன்ன 'சரி' அவளுடையதா, அவன் வரவழைத்ததா? நகைச்சுவை என்ற பெயரில் எல்லோரும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறீர்கள்.

ராத்திரிராணி:
காமெடியில் அவன்தானே அசடு? முந்நூறு வயதாகியும் போனைத் தலைகீழாகப் பிடிக்கிறவன்.

நெற்றிக்கண்:
போன் பிடிக்கத் தெரியாதவன் எல்லாம் அப்பாவியா? கழுத்தைக் கடிக்கத் தெரிகிறதே. வசியம் அவளிடம் பலிக்காது என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டால் என் வாயை மூடிக்கொள்கிறேன். அவன் முறைத்து முறைத்துப் பார்க்க, அவள் "கண்ணில் தூசியா?" என்று கேட்கட்டும். சிரிப்பும் ஆச்சு, என் சந்தேகமும் தீர்ந்தது.

ராத்திரிராணி:
அதுவும் ஒரு விதிதானே! நீங்கள் என் கட்சி.

நெற்றிக்கண்:
நான் யார் கட்சியும் இல்லை. கடித்து அவளையும் காட்டேரியாக்கி 'சுபம்' போடுகிற முடிவை நீங்கள் ஆதரிப்பீர்கள் என்று தெரியும், அதற்கும் சேர்த்தே சண்டை போட வந்திருக்கிறேன்.

பூண்டுப்பல்:
இடையில் ஒரு தகவல். நிஜமாகவே ரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துப்போகும். அதனால் பசித்த கூட்டாளிக்குத் தான் குடித்த ரத்தத்தையே கக்கி ஊட்டும். இதை யாராவது காதல் காட்சியாக எழுதுங்கள், விதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன்.

ராத்திரிராணி:
சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் ஐயா.